பேர் வாடகை பாக்கி

2017 எங்கள் கறம்பக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு உட்கார்ந்தே கழிந்த ஆண்டு. ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ரோட்டில் உட்கார்ந்தோம். அது முடிந்து பாயைச் சுருட்டுவதற்குள் பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கப் போகிறோம் என்றார்கள், மறுபடி உட்கார்ந்தோம். ஒருவழியாக எழுந்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஜூலையில் டிவியைப் போட்டால், கபடி லீக்கில் தமிழர்களுக்கென்றே ஒரு அணி பிறந்திருப்பதாகச் சேதி. பேர் தமிழ் தலைவாஸ். முதலாளிகள் ஹைதராபாத் தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத்தும் மும்பை சச்சின் டெண்டுல்கரும். விளம்பர முகம் கமல்ஹாசன். கேப்டன் இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாகூர். மண்ணுக்கு அடியில் கிடந்ததை எடுக்க வந்தவர்களை எதிர்த்து நின்றோம்; மண்ணுக்கு மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு விசில் அடித்தோம்.

அஜய் தாகூர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக் காலை டீக்கடையில் என்னை இனவெறியன் ஆக்கிவிடுவார்கள். அவரும் ஒரு கிராமத்துப் பிள்ளைதான். கைவிட்டுப் போன ஆட்டத்தைக் கடைசி ரெய்டில் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவர். இமாச்சல அரசு அவருக்கு போலீஸில் டிஎஸ்பி வேலை கொடுத்தது. மத்திய அரசு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தது. தலைவாஸ் கொடுத்தது கடைசி இடம்: 2017இல் பிரிவில் கடைசி, 2018இல் பிரிவில் கடைசி. 2019இல் பிரிவுகளை எடுத்துவிட்டு எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது. அந்த வருஷம் 94 லட்சம் கொடுத்து ராகுல் சவுத்ரியை எடுத்திருந்தார்கள், மஞ்சித் சில்லரும் இருந்தார், அஜய் தாகூரும் இருந்தார். நட்சத்திரங்கள் இருந்தன, வானம்தான் இல்லை. பயிற்சியாளர் பாதி சீசனில் விலகிப் போனார். கடைசி இடத்தை விட்டு அணி மட்டும் விலகவே இல்லை.

சரி, தமிழ்நாட்டில் ஆளே இல்லையா? 2017 ஏலத்தில் தமிழ்நாட்டு ரைடர் கே. செல்வமணியை 73 லட்சத்துக்கு எடுத்தது ஜெய்ப்பூர். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன், நாற்பதைத் தாண்டிய வயதில், 2016இல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அதே வருஷம் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து அவர் ஊர் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் மாறினால் போதும். தமிழ் அணி பிறந்த பிறகு அவர் ஆடியது புனேவுக்கு, மும்பைக்கு, ஹரியானாவுக்கு, ஜெய்ப்பூருக்கு. தலைவாஸ் அவரைக் கூப்பிட்டது 2024இல், ஆடுவதற்கு அல்ல, ஆலோசனை சொல்லுவதற்கு. முதல் சீசனில் தலைவாஸில் ஆடிய சேலம் மாவட்டத்து பிரபஞ்சன் 2019இல் பெங்கால் அணியோடு கோப்பையைத் தூக்கினார். தலைவாஸ் அடிமட்டத்தில் கிடந்த அதே சீசன் அது. ஜவுளிக்கடையில் உள்ளூர்ச் சேலையை உள்ளே பூட்டிவைத்து, வாசலில் சூரத் சேலையைத் தொங்கவிட்டு, போர்டில் மட்டும் ‘நம்ம ஊர் நெசவு’ என்று எழுதினால் அதற்குப் பேர் என்னவோ, அதுதான் இதற்கும்.

2018 நவம்பர் 16. கஜா புயல். கறம்பக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை தென்னை மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. முப்பது வருஷத்துத் தோப்பு ஒரே ராத்திரியில் விறகு. வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அப்போது ஆறாவது சீசன் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பேரைப் போட்டுக்கொண்டு ஒரு அணி தோற்றுக்கொண்டிருந்ததை எங்களால் பார்க்க முடியவில்லை. கஜா செய்த ஒரே உபகாரம் அது.

2022இல் கணக்கு பெரிசானது. பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது தலைவாஸ்; அந்த லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 281 ரூபாய். எங்கள் ஊர் அக்கா ஒருத்தி வருஷத்துக்கு நூறு நாள் தவறாமல் மண்வெட்டி பிடித்து அந்தப் பணத்தைச் சேர்க்க வேண்டுமானால் 804 வருஷம் ஆகும். 2022இல் கையில் பணம் வர, 1218இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி முடிகிற சமயத்தில், முதல் கூடை மண்ணை அள்ளியிருக்க வேண்டும். அதுவும் கூலி பாக்கி இல்லாமல் வந்திருந்தால். பவன் அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். அடிபட்டதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முழங்கால் யாருடையதாக இருந்தாலும் முழங்கால்தான். அன்றைக்கு எதிரே நின்ற குஜராத் அணியின் கேப்டன் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். தமிழ்நாட்டுப் பையன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த விலையுயர்ந்த ஆள் இல்லாத சீசனில்தான் தலைவாஸ் அரையிறுதி வரை போனது. நரேந்தர் என்ற புதுப் பையன் புள்ளிகளை அள்ளினான். மும்பையில் புனேயிடம் 37க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அன்று நானும் டிவி முன்னால் எழுந்து நின்றுதான் கத்தினேன், மறைக்கவில்லை. கத்தினால் பாடம் படிப்பார்கள் என்று பார்த்தால், 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். மறுபடி ஒன்பதாவது இடம். 2025இல் அதே பவன் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்பி வந்தார். சீசன் நடுவிலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் குற்றச்சாட்டை மறுத்தார். நம் அரசியல் கட்சிகளில் நடப்பதெல்லாம் ஒன்று விடாமல் நடக்கிறது. பேரில் தலைவர் இருப்பதற்கு அந்த அளவுக்காவது நியாயம் செய்திருக்கிறார்கள்.

இந்த லீக்கை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸில் பெரும்பங்கு டிவிக்காரருடையது. ஆட்டத்தை டிவிக்கு ஏற்றபடி அறுத்துத் தைத்ததும் அவர்கள்தான்: முப்பது நொடி ரெய்டு, செய் அல்லது செத்து மடி ரெய்டு, சூப்பர் டேக்கிள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மேட் விரித்து ஆடுகிற ஆட்டம். ரெகுநாதபுரத்திலும் மழையூரிலும் எங்கள் பிள்ளைகள் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிக் குதிகாலை உரமேற்றி வைத்திருக்கிறார்கள். மண்ணில் கால் கட்டைவிரலை ஊன்றித்தான் திரும்ப முடியும். அந்தப் பழக்கத்தோடு செலக்‌ஷனுக்குப் போனால், அங்கே ஷூவைப் போடு என்கிறார்கள். இரவல் ஷூ, ஒரு சைஸ் பெரிசு. முதல் திருப்பத்திலேயே கணுக்கால் புரளும். ‘பையனுக்கு ஃபுட்வொர்க் பத்தாது’ என்று எழுதிக்கொள்வார்கள்.

அரசாங்கத்துக்கு வருவோம். கபடி நம் மாநில விளையாட்டு என்று மேடைக்கு மேடை சொல்லுகிறார்கள். 2020இல் அம்மா பேரில் இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் கலைஞர் பேரில் விளையாட்டு உபகரணங்கள் பையில் போட்டு வந்தன. அம்மா போய்க் கலைஞர் வந்தார். களத்தில் கிடக்கிற கல் மட்டும் கட்சி மாறாமல் அங்கேயே கிடக்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் கபடி பாடிப்போன கல்லூரி மாணவன் ஒருவன் ஆடுகளத்திலேயே செத்துப்போனான். அந்த வீடியோவை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்துப் போட்டிகளில் மருத்துவ வசதி என்றால் ஒரு வலி ஸ்ப்ரே, ஒரு வாளித் தண்ணீர், தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கிளம்பத் தயாராக யாரோ ஒருவரின் டாடா ஏஸ்.

பெண்களைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. 2016இல் ஆண்கள் லீக்கின் இடைவேளையில் மூன்றே மூன்று பெண்கள் அணியை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரே ஒரு தடவை. இறுதி ஆட்டம் 24க்கு 23, கடைசி வினாடி வரை மூச்சைப் பிடிக்கவைத்தது. அப்புறம் டிவிக்காரருக்கு மூச்சு வந்துவிட்டது போல; மூட்டையைக் கட்டிவிட்டார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்களைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியது ஈரான். ஈரானுக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நாம் மதிக்காத வாத்தியாரை ஈரான் மதித்தது, அவ்வளவுதான் விஷயம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கம் வென்று வந்தார். ஊரே தோளில் தூக்கியது, முதலமைச்சர் காசோலை கொடுத்தார். நல்லது. இனி அந்தப் பெண் எந்த லீக்கில் ஆடுவார்? தமிழ் தலைவிகள் என்று ஒரு அணியை ஆரம்பிக்க எந்த ஹைதராபாத் முதலாளிக்கும் இதுவரை தோன்றவில்லை.

முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், பொங்கல் வந்து தொலைக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பொங்கல் என்றால் ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடி. முச்சந்தியில் ஃப்ளெக்ஸ். அதில் நாற்பது முகம்: சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியவர், துபாயிலிருந்து அனுப்பியவர், அனுப்புகிறேன் என்று வாட்ஸப்பில் சொன்னவர், ஒன்றியம், மாவட்டம், மாவட்டத்துக்கு மேலே கைகூப்பிச் சிரிக்கிற பெரிய தலை. ஆடுகிற ஏழு பேரில் ஒருத்தன் முகம் கிடையாது. ஆறு மணி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் பத்து மணிக்குக் கார் வரும். அதற்குள் பையன்களுக்கு உடம்பு சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, பனியில் விறைத்துப் போயிருக்கும். பிறகு சால்வை. சால்வைக்குப் பிறகு பேச்சு. பேச்சில் ‘மண்ணின் விளையாட்டு’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் தூக்கம் வரும்.

போன தடவை பக்கத்து ஊர் அணி அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் ஒருத்தன் கணுக்காலைப் பிடித்தால் உடும்பு மாதிரி விடவே இல்லை. அருகில் நின்ற பையனைக் கேட்டேன்.

“யார்றா மாப்ள அது? நான் பாத்ததே இல்லையே?”

“கெஸ்ட் பிளேயர் மாமா. வடுவூர்ப் பக்கத்துலேர்ந்து எறக்கிருக்கு. மேட்ச்சுக்கு ரெண்டாயிரம், பிரியாணி தனி.”

“ரைடர் ரெண்டு பேரும்?”

“அவனுவளும்தான்.”

“அப்ப நம்மூர்ப் பயலுவ?”

“அந்தா, பனியன் தொவைக்க எடுத்துட்டுப் போறானுவல்ல மாமா, அவனுவதான்.”

ஹைதராபாத்காரர் செய்தால் சுரண்டல், அரச மரத்தடிக் கமிட்டி செய்தால் ஊர்ப் பெருமை. டிவியில் கோடி, இங்கே ஆயிரம், ஏலம் ஒன்றுதான்.

இதைவிட நாறுகிற ஒன்று இருக்கிறது. கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம். தொட்டால்தான் புள்ளி. தொடையைப் பிடி, இடுப்பைக் கட்டு, மேலே விழு, ஒருத்தன் வியர்வை இன்னொருத்தன் வாயில் போகும். இந்த ஆட்டத்தைத் தமிழர் பெருமை என்று மார்தட்டுகிற எங்கள் மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அணியின் பேரைப் படித்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அந்தத் தெரு அணிக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கும்; குலுக்கலில் மட்டும் ஏனோ இந்தத் தெரு அணியோடு மோதவே மாட்டார்கள். தப்பித்தவறி மோதி, அவர்கள் இரண்டு புள்ளி முன்னால் போனால் கரண்ட் போகும். ஜெனரேட்டரில் டீசல் தீரும். நடுவருக்கு வயிற்றுவலி வரும். 2025இல் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் ‘பைசன்’ எடுத்தார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர் கணேசன். கபடிக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் சாதிக் கோட்டைத் தாண்ட வேண்டியிருந்த கதை. கறம்பக்குடியிலிருந்து பைக்கில் மூன்று மூன்று பேராகப் போய்ப் படம் பார்த்தார்கள், அழுதார்கள், விசிலடித்தார்கள். திரும்பி வந்து அவரவர் தெருவில் வண்டியை நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட கோடு எப்படி அழியும் என்பதற்கு ஒரு கதை: அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி இருந்தது. காலைவிடக் கையும் தோளும் அதிகம் வேலை செய்கிற, முட்டி மோதி ஆளைச் சாய்க்கிற அவர்களுடைய கால்பந்து. கபடிக்கு ஒருவகையில் பங்காளி. 1932இல் பாஸ்டனில் தொடங்கி 1937இல் வாஷிங்டனுக்குக் குடிபோன அணி. முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல். அணிக்கு வைத்த பேர் ரெட்ஸ்கின்ஸ். யாருடைய நிலத்தைப் பிடுங்கினார்களோ அந்தப் பூர்வகுடிகளை ஏசுகிற சொல். பனியனில் அவர்கள் பேர், லாபம் இவர் பையில். அந்தக் கதை நமக்குப் பழக்கமான கதை. மற்ற அணிகளெல்லாம் 1946 தொடங்கி ஒவ்வொன்றாகக் கறுப்பு வீரர்களைச் சேர்த்தன. மார்ஷல் மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பத்திரிகைகள் திட்டிப் பார்த்தன. அசையவில்லை.

1961இல் அசைந்தார். அவர் அணிக்காக வாஷிங்டனில் புது ஸ்டேடியம் கட்டியிருந்தார்கள். கென்னடியின் உள்துறைச் செயலாளர் ஸ்டூவர்ட் உடால் ஒரு கடுதாசி போட்டார்: ஸ்டேடியம் இருக்கிற நிலம் அரசாங்கத்து நிலம், கறுப்பு வீரர்களைச் சேர்க்காவிட்டால் அங்கே ஆட விடமாட்டோம். 1962இல் பாபி மிட்செல் அந்த அணிக்கு ஆடினார், பந்தோடு ஓடினார், கைதட்டலும் வாங்கினார். முப்பது வருஷக் கொள்கை ஒரு நிலப் பத்திரத்தில் கவிழ்ந்தது. பேர் மட்டும் 2020 வரை நீடித்தது. ஸ்டேடியத்துக்குப் பேர் கொடுத்திருந்த ஃபெடெக்ஸ் கம்பெனி காசை நினைவூட்டியதும் அதையும் கழற்றினார்கள். மனச்சாட்சி எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கபடி நடக்கிற இடங்கள் யாருடையவை? ஊராட்சித் திடல், அரசுப் பள்ளி மைதானம், ஏரிப் புறம்போக்கு. அனுமதிக் கடுதாசியில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, ‘எல்லாத் தெருப் பையன்களும் ஒரே அணியில் இருந்தால்தான் திடல்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பேனாவில் மை இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு மட்டும் வற்றிவிடுகிறது.

இன்னொரு அமெரிக்க அணியையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அமெரிக்கக் கணக்கில் அது ஊரே அல்ல. 1919இல் இறைச்சி அடைக்கிற கம்பெனி ஒன்று பனியனுக்குக் காசு கொடுக்க, பேக்கர்ஸ் என்ற அணி பிறந்தது. காசு தீர்ந்தபோது ஊர்க்காரர்களே பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். 1923இலிருந்து இன்றுவரை அதற்கு முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள்தான் உண்டு. லாபப் பங்கு ஒரு பைசா வராது, பங்கை விற்கவும் முடியாது. ஆனால் யாரும் அந்த அணியை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்ற முடியாது. பால்டிமோர் அணியை 1984இல் அப்படித்தான் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போனார் அதன் முதலாளி. காலையில் எழுந்து பார்த்த ஊருக்கு வெறும் கட்டடம் மிச்சம். கிரீன் பே மாதிரி இனி ஒரு அணி முளைக்கக் கூடாது என்று அந்த லீக் விதியே வைத்துவிட்டது. ஊர் சொந்தம் கொண்டாடினால் எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குப் பங்கு வேண்டாம், பேர் வாடகையாவது கொடுங்கள் என்று ஒரு பில் தயாரித்திருக்கிறேன். 2017 முதல் இன்றுவரை ‘தமிழ்’ என்ற பேரைப் பனியனிலும் டிக்கெட்டிலும் விளம்பரத்திலும் உபயோகித்த வகையில் பாக்கி. கறம்பக்குடி, ரெகுநாதபுரம், மழையூர், வெட்டன்விடுதி, கருக்காக்குறிச்சி இளைஞர்கள் டிவி முன்னால் கத்திக் கட்டிய தொண்டைகளுக்குச் சேதாரம். மூன்று சீசன் தொடர்ந்து கடைசியில் நின்று ஏற்படுத்திய மானநஷ்டம் தனிக் கணக்கு. பணமாக வேண்டாம், வட்டத்துக்கு ஒரு மேட், ஊருக்குப் பத்து ஜோடி ஷூ, போட்டிக்கு ஒரு ஆம்புலன்ஸ், கண்ணகி நகர்ப் பெண்ணுக்கு ஒரு அணி என்று பொருளாகவே வாங்கிக்கொள்கிறோம். ஜிஎஸ்டி அவர்கள் பாடு.

கொடுக்க முடியாது என்றால் எங்களோடு வந்து ஆடட்டும். வருகிற பொங்கலுக்கு எங்கள் கமிட்டியிடம் பேசி ஒரு இடம் வாங்கித் தருகிறேன். கெஸ்ட் பிளேயர் தொல்லை எல்லை மீறியதால் கமிட்டி இந்தத் தடவை நோட்டீஸில் புதிதாக இரண்டு வரி அடிக்கப் போகிறதாம்: எந்த ஊர் பேரில் அணி பதிவாகிறதோ அந்த ஊர் வீரர்கள் மட்டுமே ஆட வேண்டும், அசல் ஆதார் அட்டை கட்டாயம். தகுதியில்லாத அணி வெளியேற்றப்படும், நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. முன்னூறு ரூபாய்தான். சச்சின் சார் தாங்கிக்கொள்வார்.